ஃபைட்டருக்கு டேமேஜ் கூட்டினால் சரியாகிவிடுமா?

நீங்கள் கேட்டதை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். நண்பர்கள் ஐந்து பேருக்காகச் சொந்தமாக ஒரு ஃபேன்டஸி ரோல்பிளே கேம், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையில் நடித்துப் பகடை உருட்டும் ஆட்டம், எழுதுகிறீர்கள். பாத்திரங்கள் ஐந்தாவது லெவலுக்கு (படிநிலைக்கு) வந்ததிலிருந்து விசார்ட், அதாவது மந்திரவாதி, ஆடுபவரே எல்லாவற்றையும் முடித்துவைக்கிறார், ஃபைட்டர், அதாவது சண்டைக்காரன், ஆடுபவர் தன் முறை வரும்போது மட்டும் நிமிர்ந்து பகடையை உருட்டிவிட்டு மறுபடி போனுக்குள் போய்விடுகிறார். ஃபைட்டரின் டேமேஜை (அடி பட்டால் எதிரிக்கு ஏற்படும் சேதத்தை) ஒன்றரை மடங்கு ஆக்கலாமா என்பது உங்கள் கேள்வி. கூடவே, உங்களோடு சேர்ந்து எழுதும் நண்பர் "இது போட்டியே இல்லையே, எல்லாரும் ஒரே பக்கம்தானே, இதில் பேலன்ஸ் எதற்கு" என்கிறாராம், அது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது: அந்த மனிதர் ஏன் போனைப் பார்க்கிறார்? டேமேஜ் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம், பெரும்பாலும் முதல் காரணமாக இருப்பதில்லை.

இதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிய என்னைப் பற்றியும் ஒரு வரி. பதினாறு வருடமாக கேம் மாஸ்டராக (கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவராக) உட்கார்கிறேன், இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்கு பதிப்புகளில் நீண்ட காம்பெயின் (பல ஆட்டங்களுக்குத் தொடரும் கதை) நடத்தியிருக்கிறேன், சொந்தமாக மூன்று விதித்தொகுப்பு எழுதி அதில் இரண்டைத் தூக்கிப்போட்டேன். ஆனால் என் ஆட்டங்களில் முக்கால்வாசி பத்தாவது லெவலுக்குள் முடிந்துபோனவை. பதினைந்துக்கு மேல் என்ன ஆகும் என்று நான் ஏதாவது சொன்னால் அது காகிதக் கணக்கு, ஆடிப் பார்த்தது இல்லை.

நண்பர் சொல்வதில் பாதி சரி. செஸ் மாதிரி இரண்டு பக்கமும் சமமாக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இங்கே கிடையாது, ஒரு கிளாஸ் (பாத்திர வகை) இன்னொன்றைவிடப் பத்து சதவீதம் வலுவாக இருந்தால் யாருக்கும் கண்ணில்கூடப் படாது. ஆனால் ஒரே பக்கம் நிற்கிறவர்களும் ஒன்றைப் பங்குபோட்டுத்தான் ஆக வேண்டும், அதுதான் நேரம். நான்கு மணி நேர ஆட்டத்தில் கேம் மாஸ்டர் பேசுவது, விதியைத் தேடுவது, அரட்டை எல்லாம் போக ஒருவருக்கு அரை மணி கிடைத்தால் அதிகம். அந்த அரை மணியிலும் "நான் வராமல் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்" என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டால் அங்கே பேலன்ஸ் கெட்டுவிட்டது, எண்கள் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் சரி. நான் பேலன்ஸ் என்று சொல்வது இதைத்தான். இணையத்தில் இதைப் பற்றிச் சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு விஷயம் பேசுகிறார்கள், அதனால் முதலில் நீங்களும் நண்பரும் எதைச் சொல்கிறீர்கள் என்று பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஃபைட்டர், விசார்ட் தகராறு ஆட்டம் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1974ல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது மூன்றே கிளாஸ்: சண்டைக்காரன், மந்திரவாதி, க்ளெரிக் (தெய்வ சக்தியால் மந்திரம் செய்யும் பூசாரி). திருடன் அடுத்த வருடம் துணைநூலில் வந்து சேர்ந்தான். மந்திரவாதி பின்னால் பெரிய ஆளாகிவிடுவான் என்பது அப்போதே தெரிந்ததுதான், அதற்கு விலையும் வைத்திருந்தார்கள். 1981 பேசிக் பதிப்பை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது லெவலுக்கு ஃபைட்டருக்கு 2,000 அனுபவப் புள்ளி, மந்திரவாதிக்கு 2,500, திருடனுக்கு வெறும் 1,200. முதல் லெவல் மந்திரவாதிக்கு ஹிட் பாயிண்டுக்கு (எவ்வளவு அடி தாங்கலாம் என்ற எண்ணுக்கு) ஒரு நாலுபக்கப் பகடை, நாள் முழுவதற்கும் ஒரே ஒரு ஸ்பெல் (மந்திரம்). ஸ்பெல் சொல்லி முடிப்பதற்குள் அடி விழுந்தால் ஸ்பெல் வீண். எதிர்ப்பக்கம், அட்வான்ஸ்ட் பதிப்பில் ஃபைட்டர் ஒன்பதாவது லெவலில் கோட்டை கட்டினால் படைவீரர்கள் தேடி வந்து சேருவார்கள், அதாவது மேல் லெவலில் ஃபைட்டரின் பலம் அவன் வாளில் இல்லை, பின்னால் நிற்கும் படையில்.

2000ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது எல்லாக் கிளாஸுக்கும் ஒரே அனுபவப் புள்ளி அட்டவணை ஆனது. எதிரி பக்கத்தில் நின்றாலும் ஒரு பகடைச் சோதனையில் தேறினால் அடிக்கு இடம் கொடுக்காமல் ஸ்பெல் போடலாம் என்றானது. படை திரட்டும் வசதி தலைமைப் பண்பு என்ற பெயரில் ஆறாவது லெவலிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றாக மாறியது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நல்ல திருத்தம்தான், பழைய அட்டவணைகள் தலைவலி என்பதை ஆடியவர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் மந்திரவாதி கொடுத்துக்கொண்டிருந்த விலை ஒவ்வொன்றாகக் கழன்றது, வாங்கிய பொருள் மட்டும் அப்படியே இருந்தது. க்ளெரிக்கும் ட்ரூயிடும் (இயற்கை மந்திரக்காரர்) ஃபைட்டரைவிட நன்றாகச் சண்டை போடுகிறார்கள் என்ற புகார் அந்தப் பதிப்பின் ஆயுள் முழுக்கக் கேட்டது. ட்ரூயிட் கூட்டிவரும் மிருகமே ஃபைட்டருக்குச் சமம் என்று கிண்டல் செய்வார்கள், ஆரம்ப லெவல்களில் அது முழுக்கக் கிண்டலும் இல்லை. நீங்கள் சொந்த விதி எழுதும்போது பழைய ஆட்டத்திலிருந்து ஸ்பெல் பட்டியலை எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். அந்தப் பட்டியலோடு ஒட்டியிருந்த விலையையும் எடுத்தீர்களா என்று பாருங்கள்.

இனி கணக்கு. இது மட்டும் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, ஏனென்றால் வெறும் கூட்டல் பெருக்கல். 2014ன் ஐந்தாம் பதிப்பில் ஐந்தாவது லெவல் ஃபைட்டர், பலம் 18, கையில் பெரிய இரண்டுகை வாள். எதிரியின் கவச எண் (அடி பட, பகடை எட்ட வேண்டிய எண்) 15 என்றால் நூற்றுக்கு 65 அடி விழும். பட்ட அடிக்குச் சராசரி 11, படாமல் போவதையும் கிரிட்டிக்கலையும் (பகடையில் 20 விழுந்தால் வரும் கூடுதல் சேதம்) சேர்த்துக் கணக்கிட்டால் ஓங்கும் ஒவ்வோர் அடிக்கும் 7.5 தேறும், சுற்றுக்கு இரண்டு அடி, ஆக 15. அதே லெவல் விசார்டின் ஃபயர்பால் (ஒரே நேரத்தில் பலரைத் தாக்கும் தீப்பந்து ஸ்பெல்) 8 ஆறுபக்கப் பகடை, சராசரி 28. மாட்டியவர்களில் பாதிப் பேர் தப்பிப் பாதி டேமேஜ் வாங்குகிறார்கள் என்று வைத்தால் ஆளுக்கு 21, மூன்று பேர் மாட்டினால் 63. எத்தனை முறை வேண்டுமானாலும் சும்மா விடக்கூடிய தீ அம்பு சுற்றுக்கு 7.7. ஒரு நாளைக்கு ஒரே சண்டை, நான்கு சுற்று என்றால்: ஃபைட்டர் 60, ஓய்வுக்கு ஒருமுறை கிடைக்கும் கூடுதல் ஆக்‌ஷனைச் சேர்த்து 75. விசார்ட் இரண்டு ஃபயர்பால் (ஒரு நாளுக்கு அவ்வளவுதான்), இரண்டு தீ அம்பு, மொத்தம் 141. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதையே ஒரு நாளைக்கு ஆறு சண்டை, நடுவில் இரண்டு சின்ன ஓய்வு (சில சக்திகள் மட்டும் திரும்பும் இடைவேளை) என்று மாற்றுங்கள். ஃபைட்டருக்கு 24 சுற்றும் மூன்று கூடுதல் ஆக்‌ஷனும் சேர்ந்து 405. விசார்டுக்கு ஓய்வில் மீட்டெடுப்பதோடு சேர்த்து மூன்று ஃபயர்பால், மீதி 21 சுற்றும் தீ அம்பு, கிட்டத்தட்ட 351. கீழ்நிலை ஸ்பெல்களை நான் சேர்க்கவில்லை, அவை தற்காப்புக்கும் மற்ற வேலைக்கும் போய்விடும் என்று வைத்திருக்கிறேன். எதிரி ஒருவன்தான் என்றால் ஃபயர்பாலுக்கு 21தான், கணக்கு இன்னும் ஃபைட்டர் பக்கம் சாயும்.

ஒரு விதிகூட மாறவில்லை. மாறியது கேம் மாஸ்டர் நாளை எப்படி நடத்தினார் என்பது மட்டும். அந்தப் பதிப்பின் கேம் மாஸ்டர் நூலே ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினமான சண்டையைக் குழு தாங்கும் என்று எழுதியிருந்தது. அப்படி யாராவது ஆடினார்களா என்றால், என் டேபிளில் இல்லை. கதை நகர வேண்டும், ராத்திரி பதினொன்றுக்குள் வீட்டுக்குப் போக வேண்டும், ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு பெரிய சண்டைதான் வரும். உங்கள் டேபிளிலும் அப்படித்தான் என்று பந்தயம் கட்டுவேன். ஆகவே டேமேஜ் எண்ணைத் தொடுவதற்கு முன்னால் கடைசி ஐந்து ஆட்டத்தில் முழு ஓய்வுக்கும் (எல்லாச் சக்தியும் திரும்பும் ராத்திரித் தூக்கம்) முழு ஓய்வுக்கும் நடுவே எத்தனை சண்டை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று என்றால் உங்கள் விசார்ட் தினமும் சம்பளம் முழுவதையும் ஒரே வேளையில் செலவழிக்கிறார், மறுநாள் காலையில் பை மறுபடி நிறைந்துவிடுகிறது.

சரி, அதற்காக ஃபைட்டருக்கு டேமேஜ் கூட்டினால் என்ன? நான் செய்து பார்த்திருக்கிறேன். எட்டு வருடம் முன்னால், இதே புகார், இதே வைத்தியம், நான் இன்னும் தாராளமாக இரண்டு மடங்கு ஆக்கினேன். முதல் இரண்டு வாரம் கொண்டாட்டம். அப்புறம் அரக்கர்கள் இரண்டாவது சுற்றிலேயே விழ ஆரம்பித்ததால் நான் அவர்களின் ஹிட் பாயிண்டை ஏற்றினேன். ஏற்றியதும் ரோகும் (பழைய திருடன் கிளாஸ்) க்ளெரிக்கும் அடிக்கும் அடி கொசு கடித்த மாதிரி ஆனது. ஒருவர் சலித்திருந்த டேபிளில் இப்போது மூன்று பேர். ஃபைட்டர் ஆடியவர் மறுபடி போனை எடுத்துவிட்டார், ஏனென்றால் அவர் செய்வது இன்னமும் "அடிக்கிறேன், பட்டதா, எவ்வளவு" என்ற மூன்றே வார்த்தைதான், எண் மட்டும் பெரிதாகியிருந்தது.

அவரிடம் நேராகக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சண்டையில் அவருக்குக் குறையே இல்லையாம். வழியில் ஆற்றைக் கடக்க வேண்டி வந்தால் விசார்ட் பறக்க வைக்கிறார், பூட்டு வந்தால் விசார்ட் திறக்கிறார், காவலாளி வந்தால் விசார்ட் எல்லாரையும் மறைத்துவிடுகிறார், அரசவையில் விசார்ட் மனத்தை மயக்குகிறார். சண்டை இல்லாத எல்லா நேரத்திலும் அவர் பார்வையாளர். உங்கள் ஆட்டத்திலும் அந்த மனிதர் எந்தக் காட்சியில் போனை எடுக்கிறார் என்று கவனியுங்கள். சண்டைக்கு நடுவில் என்றால் ஒரு நோய், சண்டைக்கு வெளியே என்றால் வேறு நோய், மருந்து ஒன்றல்ல.

வெளியே என்றால் விசார்டின் ஸ்பெல்களைத்தான் பார்க்க வேண்டும். வலுவைக் குறைக்கச் சொல்லவில்லை, ஒவ்வொன்றும் இன்னொரு ஆளின் வேலையை அப்படியே தின்றுவிடுகிறதா என்று பாருங்கள். ஐந்தாம் பதிப்பில் பூட்டுத் திறக்கும் ஸ்பெல்லில் ஒரு சின்ன வரி உண்டு, பலர் அதைப் படிப்பதே இல்லை: அதைப் போட்டதும் கதவைத் தட்டுகிற சத்தம் முந்நூறு அடி தூரம் வரை கேட்கும். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது. விசார்டால் கதவைத் திறக்க முடியும், ஆனால் உள்ளே இருப்பவன் எழுந்துவிடுவான். சத்தமில்லாமல் திறக்க வேண்டுமென்றால் ரோக் வேண்டும். ஒரே வரியில் இரண்டு பேருக்கும் வேலை. உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு "பிரச்சினை தீர்க்கும்" ஸ்பெல்லுக்கும் இப்படி ஒரு வரி எழுத முடியுமா என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். எழுத முடியாதவற்றை இரண்டு லெவல் மேலே தள்ளுங்கள்.

எல்லாருக்கும் ஒரே அச்சு வார்த்துவிட்டால் என்ன என்று அடுத்து யோசனை வரும், எல்லாருக்கும் வரும். 2008ன் நான்காம் பதிப்பு கிட்டத்தட்ட அதைச் செய்தது. ஃபைட்டருக்கும் விசார்டுக்கும் ஒரே வகைத் திறன்கள்: எப்போதும் பயன்படுத்தக்கூடியது, சண்டைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு வேலை என்று பெயர் குறித்தே எழுதினார்கள், டிஃபெண்டர் (முன்னால் நின்று காப்பவர்), ஸ்ட்ரைக்கர் (பலமாக அடிப்பவர்), லீடர் (குழுவுக்குத் துணை நிற்பவர்), கன்ட்ரோலர் (களத்தைக் கட்டுப்படுத்துபவர்) என்று. சமநிலையில் அது மற்ற பதிப்புகளைவிட நன்றாக இருந்தது என்பது என் கருத்து, ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று ஏகப்பட்ட பேர் வெறுத்தார்கள். நடத்திப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆடும்போது ஒரே மாதிரி இருக்காது, படிக்கும்போது இருக்கும். ஆனால் ஆட்டம் பிடிக்கிறதா என்பது படிக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது, அதனால் அந்த வெறுப்பைத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். அதிலிருந்து நீங்கள் திருட வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஃபைட்டர் ஒருவனை அடித்தால் அவன்மேல் குறி விழும், குறி விழுந்தவன் வேறு யாரையாவது தாக்கினால் அவனுடைய தாக்குதல் பகடையில் இரண்டு குறையும், பக்கத்தில் நிற்கும் ஃபைட்டரிடம் ஓர் அடியும் வாங்குவான். மற்றப் பதிப்புகளில் புத்திசாலி அரக்கன் ஃபைட்டரைச் சுற்றிக்கொண்டு நேராக விசார்டிடம் போய்விடுவான். இங்கே முடியாது. ஃபைட்டர் நிற்கிற இடத்துக்கு மதிப்பு வந்துவிட்டது.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன், புதுக் கிளாஸ் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதில் விழுவார்கள். 2014ன் ரேஞ்சர் (காடு மலை அறிந்த வீரர்) தனக்குப் பழகிய நிலப்பரப்பில் வழி தவறவே மாட்டார், மந்திரத்தால் குழப்பினால் ஒழிய. உணவு தேடினால் இரண்டு மடங்கு கிடைக்கும். படிக்கும்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆட்டத்தில் என்ன ஆகிறது? காடு வந்தது, ரேஞ்சரின் தருணம் வந்தது, வழி தவற மாட்டோம், பசிக்காது, சரி, அடுத்த நாள். அவர் சிறந்து விளங்க வேண்டிய காட்சியே அவரால் காணாமல் போகிறது. பழகாத நிலப்பரப்பு என்றால் அந்தத் திறன் காகிதத்தில் மை. 2020ல் வந்த துணைநூலில் இதற்கு மாற்று கொடுத்தார்கள், அதுவே புகார் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குச் சாட்சி. ஒரு திறன் அந்தக் கிளாஸ் ஆளை விளையாட வைக்க வேண்டும், "பரிசோதிக்கத் தேவையில்லை, தாண்டிப் போ" என்று சொன்னால் அது வேறு யாருக்கோ எழுதிய பரிசு.

கடிகாரக் கணக்கையும் யாரும் அட்டவணையில் போடுவதில்லை. என் இரண்டாவது விதித்தொகுப்பில் ஆவிகளை வரவழைக்கும் ஒரு கிளாஸ் இருந்தது. டேமேஜ் கச்சிதம், ஃபைட்டரைவிட ஒரு புள்ளி குறைவாகவே வைத்திருந்தேன், பெருமையாகவும் இருந்தேன். ஒருநாள் சந்தேகம் வந்து ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் ஃபைட்டரின் முறை நாற்பது விநாடி, ஆவிக்காரரின் முறை ஐந்து நிமிடத்துக்கு மேல். ஒவ்வோர் ஆவிக்கும் நகர்வு, ஒவ்வொன்றுக்கும் பகடை. ஐந்தாம் பதிப்பில் மிருகங்களை வரவழைக்கும் ஸ்பெல்லால் எட்டு ஓநாய் கொண்டுவந்தவரோடு ஆடியிருந்தால் இது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எண்ணில் சமம், நேரத்தில் ஏழு மடங்கு. அந்த விதித்தொகுப்பு குப்பைக்குப் போனதற்கு இந்தக் கிளாஸ்தான் பெரும்பங்கு.

இதுவரை சொன்னதில் சாய்வுக் கணக்கு உறுதி, பழைய பதிப்புகளின் விதிகள் உறுதி, அவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். போன் எடுப்பதற்குக் காரணம் சண்டைக்கு வெளியே இருக்கிறது என்பது என் டேபிள்களில் கண்டது, உங்கள் ஆள் வேறு ரகமாக இருக்கலாம். சிலருக்கு உண்மையாகவே "அடிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நண்பர்களோடு உட்கார்ந்திருப்பதுதான் வேண்டும், அவர்களிடம் ஆறு தந்திரங்களைக் கொடுத்தால் பயந்துவிடுவார்கள். ஆடுகிறவரின் திறமையையும் எந்த அட்டவணையும் பிடிக்காது. என் குழுவில் ஒருவர் எந்தக் கிளாஸைக் கொடுத்தாலும் கதையை அவர் பக்கம் திருப்பிவிடுவார், அவர் விசார்ட் ஆடினால் விசார்ட் மிகையாகத் தெரியும், ஃபைட்டர் ஆடினால் ஃபைட்டர் மிகை. ஆகவே முடிந்தால் ஒரே ஓர் ஆட்டத்துக்கு அவர்கள் இருவரையும் பாத்திரம் மாற்றி ஆடச் சொல்லுங்கள். போன் பாத்திரத்தோடு கைமாறுகிறதா, ஆளோடு தங்குகிறதா என்று தெரிந்துவிடும். மலிவான சோதனை, நான் பத்து வருடம் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் டேமேஜை இப்போதைக்குத் தொட மாட்டேன். முழு ஓய்வை ஊர் போன்ற பாதுகாப்பான இடத்தில் மட்டும் என்று கட்டுப்படுத்தி, காட்டில் தூங்கினால் சின்ன ஓய்வு மட்டும் என்பேன். ஒரு நாளைக்கு ஆறு சண்டை வைப்பதைவிட இது எளிது, கதையும் கெடாது, விசார்ட் ஆடுபவர் முதல் வாரம் முணுமுணுப்பார். ஃபைட்டருக்குப் பகடையே வேண்டாத இரண்டு விஷயம் கொடுப்பேன்: வாசலில் நின்றால் அவர் விழும்வரை யாரும் தாண்ட முடியாது என்று ஒன்று, ஓர் ஆளையோ படையையோ ஒரு நிமிடம் பார்த்தால் அதன் பலவீனத்தைப் பற்றி கேம் மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்டு உண்மையான பதில் வாங்கலாம் என்று இன்னொன்று. இரண்டாவது சண்டைக்கு வெளியேயும் வேலை செய்யும், அரசவையில் அவர் திடீரென்று "அந்தத் தளபதியை நான் கவனிக்கிறேன்" என்று சொன்னால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். இவை உங்கள் விதிகளோடு ஒத்துப்போகுமா என்று பார்க்காமல் என்னால் சத்தியம் செய்ய முடியாது. நான்கு ஆட்டம் ஓட்டிப் பாருங்கள், ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் மாற்றாதீர்கள், மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். முடிந்தால் விசார்டின் மூன்றாம் நிலை ஸ்பெல் பட்டியலையும் ஓய்வுக்கு நடுவே வந்த சண்டை எண்ணிக்கையையும் இங்கே போடுங்கள், எந்த ஸ்பெல்லுக்கு அந்தக் கதவு தட்டும் சத்தம் தேவை என்று சேர்ந்து பார்க்கலாம்.